மதிப்பெண் என்பது நோயல்ல: முதியோர் மறதிப் பரிசோதனை பற்றி வாசகர் கேள்விகள்

காவிரிப் பாசன மாவட்டங்களிலிருந்து இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் முதியோரின் மறதியைப் பற்றியவை. அவற்றுள் ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து விடை தந்திருக்கிறேன். எழுதியவர்கள் விரும்பியபடி பெயர்களை விலக்கி, ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

என் மாமியாருக்கு 71 வயது. மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். எங்கள் பகுதியில் நடந்த முதியோர் முகாம் ஒன்றில் சில கேள்விகள் கேட்டு, 30-க்கு 19 மதிப்பெண் போட்டு, "டிமென்ஷியாவாக (மறதிநோயாக) இருக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சமையல், பால் கணக்கு, பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது எல்லாம் அவர் முன்போலவே செய்கிறார். ஆனால் அன்று முதல் சரியாகச் சாப்பிடுவதில்லை, உறங்குவதும் இல்லை. நாங்கள் என்ன செய்வது?
– வாசகி, கும்பகோணம்

முதலில் உங்கள் மாமியாரிடம் சொல்ல வேண்டியது: அந்தத் தாளில் இருப்பது நோயின் பெயர் அல்ல. வடிகட்டிப் பார்க்கும் சோதனை, நோயறிதல் ஆகிய இரண்டும் வெவ்வேறு. இன்னும் விரிவாகப் பார்க்க வேண்டியவர் யார் என்று பிரித்துக் காட்டுவதோடு முதலாவதன் வேலை முடிந்துவிடுகிறது. நோய் உண்டா என்று சொல்ல, வீட்டாரிடம் விவரம் கேட்டு, உடலைப் பரிசோதித்து, இரத்தப் பரிசோதனைகளையும் பார்த்த மருத்துவரால்தான் முடியும்.

30 மதிப்பெண் கொண்ட சோதனைகளில் பரவலாக அறியப்பட்டவை இரண்டு. ஒன்று 1975-இல் அமெரிக்காவில் உருவான எம்.எம்.எஸ்.ஈ.; மற்றொன்று 2005-இல் கனடாவின் மாண்ட்ரியலிலிருந்து வெளிவந்த மோகா. முன்னதில் 24-க்குக் கீழே வந்தால் ஐயம் என்பது வழக்கமான எல்லைக்கோடு. பின்னதில் அந்தக் கோடு 26. இரண்டுமே எழுதப் படிக்கத் தெரிந்து, பென்சில் பிடித்துப் பழகிய மனிதர்களை மனத்தில் வைத்து உருவானவை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொல்வது, ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொல்வது, ஒரு வாக்கியத்தை எழுதச் சொல்வது ஆகியவை எம்.எம்.எஸ்.ஈ.யில் இருக்கின்றன. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒருவர் இவற்றில் இழக்கும் மதிப்பெண்ணில் எவ்வளவு நோயால், எவ்வளவு பள்ளிக்கூடம் போகாததால் என்று அந்தத் தாள் பிரித்துச் சொல்லாது. மோகாவை உருவாக்கியவர்களும் இதை உணர்ந்தே, 12 ஆண்டுகள் அல்லது அதற்குக் குறைவாகப் படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டிக்கொள்ளச் சொன்னார்கள். நம் ஊர்ப் பாட்டிமார்களுக்கு அந்த ஒரு மதிப்பெண் எந்த மூலைக்கு?

இந்தக் குறையை நம் நாட்டு ஆய்வாளர்களும் கவனித்திருக்கிறார்கள். அரியானாவின் வல்லப்கர் பகுதிக் கிராமங்களில், எழுத்தறிவில்லாத முதியவர்களுக்கென்றே 1990-களில் எம்.எம்.எஸ்.ஈ.யை மாற்றி இந்தி வடிவம் ஒன்றை அமைத்தார்கள். "கண்ணை மூடு" என்று எழுதிக் காட்டிப் படிக்கச் சொல்லும் இடத்தில், "என் முகத்தைப் பார்த்து, நான் செய்வதைப் போலச் செய்யுங்கள்" என்று சொல்லிக் கேட்பவரே கண்ணை மூடிக் காட்டும்படி அதை மாற்றியமைத்தார்கள். வெறும் மொழிபெயர்ப்பு போதாது, கேள்வியே இடத்துக்கேற்ப மாற வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

உங்கள் மாமியாரிடம் இன்றைய தேதி கேட்டிருப்பார்கள். "புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை" என்று அவர் விடை சொல்லியிருந்து, தாளில் ஆங்கில மாதத்தின் தேதியை எதிர்பார்த்த இளைஞர் அதற்குச் சுழி போட்டிருந்தால், தவறு யாருடையது? காலம் பற்றிய உணர்வு அந்த விடையில் முழுமையாக இருக்கிறது. அதேபோல, ஐங்கோணத்தை வரையத் தெரியாத கைகள் வாசலில் புள்ளி பிசகாமல் கோலம் போடுகின்றன. (கோலத்தை ஒரு மருத்துவச் சோதனையாக நான் பரிந்துரைக்கவில்லை, அதற்கான எல்லைக்கோட்டை யாரும் வகுத்து நிறுவவில்லை. ஆனால் ஐந்து புள்ளிக் கோலத்தைக்கூட முடிக்க முடியாமல் அவர் திணறத் தொடங்கினால், அதை மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள்.) முகாம் நடந்த இடத்தில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்ததா, அவருக்குக் காது மந்தமா, கண்ணில் புரை இருக்கிறதா, காலையிலிருந்து சாப்பிடாமல் வரிசையில் நின்றாரா என்பவையும் மதிப்பெண்ணைக் குறைக்கக்கூடியவையே.

இனி, நீங்கள் எழுதியதிலேயே மிக முக்கியமான வரி, "எல்லாம் முன்போலவே செய்கிறார்" என்பது. டிமென்ஷியா என்று சொல்ல இரண்டு நிபந்தனைகள் வேண்டும்: அறிவாற்றல் முன்பிருந்த நிலையிலிருந்து குறைந்திருக்க வேண்டும், அந்தக் குறைவு அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ள முடியாத அளவுக்குப் போயிருக்க வேண்டும். இரண்டும் ஒரு நாள் காலையில் ஒரு தாளில் தெரிபவை அல்ல. கூடவே வாழ்கிறவருக்குத் தெரிபவை. அதனால்தான் முதியவரை விட்டுவிட்டு வீட்டாரிடம் மட்டும் கேட்கும் வினாப்பட்டியல்களும் மருத்துவத்தில் உண்டு. அவற்றுள் ஒன்று, பத்து ஆண்டுகளுக்கு முன்பு இவர் எப்படியிருந்தாரோ அதனோடு இன்றைய நிலையை ஒப்பிடச் சொல்கிறது. படிப்பு எவ்வளவு என்பது இதில் பெரிதாகக் குறுக்கிடுவதில்லை. ஒருவரை அவரோடேயே ஒப்பிடுகிறோம் அல்லவா? என் மதிப்பீட்டில், நம் கிராமங்களுக்கு இந்த வழியே கூடுதல் நியாயமானது.

நீங்களும் உங்கள் கணவரும் உட்கார்ந்து நிதானமாக எண்ணிப் பாருங்கள். நடவு ஆட்களுக்குக் கூலியைப் பிரித்துக் கொடுத்தவர் இப்போது அதில் குழம்புகிறாரா? குழம்பில் உப்பு இரண்டு முறை விழுவது அடிக்கடி நடக்கிறதா? சொன்ன சேதியைக் கால் மணி நேரத்தில் புதிதுபோலத் திரும்பச் சொல்கிறாரா? நாற்பது ஆண்டுகளாகப் போய்வந்த கோயிலிலிருந்து திரும்பும்போது தெரு மாறிவிடுகிறாரா? கல்யாண வீட்டில் ஒருவரின் பெயர் நாவில் வராமல், வீடு திரும்பிய பிறகு நினைவுக்கு வருவது வயதின் இயல்பு. அந்தக் கல்யாணத்துக்குப் போனதே நினைவில் இல்லையென்றால்தான் கவலைப்பட வேண்டும். இவற்றில் எதுவுமே இல்லையென்றால், பயத்தைத் தணித்து, ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் ஒரு மருத்துவரிடம் அமைதியான அறையில் மீண்டும் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் அவர் சாப்பிடாமலும் உறங்காமலும் இருப்பதை ஒதுக்கிவிடாதீர்கள். அது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும். மனச்சோர்வும் மறதியைப் போலவே தோன்றக்கூடியது, மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படக்கூடியது.

வல்லாரைக் கீரையும் "மூளை டானிக்"கும் மறதியைத் தடுக்குமா?
– வாசகர், பாபநாசம்

கீரையாகச் சாப்பிடுங்கள், நல்லது. மறதிநோயைத் தடுக்கும் அல்லது திருப்பும் என்று நம்பி டானிக்குக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். அதற்கு உறுதியான சான்று இல்லை. அந்தப் பணத்தில் பி12 அளவைப் பார்ப்பது பயனுள்ளது. அந்த வைட்டமின் கீரையில் கிடைக்காது. சைவ உணவு மட்டும் உண்பவர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகளாக எடுப்பவர்களுக்கும் அது குறைய வாய்ப்பு அதிகம். குறைந்தால் மறதி, கால் மரத்துப்போதல், தள்ளாட்டம் ஆகியவை வரலாம்.

என் தந்தைக்கு 68 வயது, விவசாயி, எந்தக் குறையும் இல்லை. ஆனால் அறுபதைத் தாண்டிய அனைவருக்கும் ஆண்டுதோறும் சர்க்கரை பார்ப்பதுபோல மறதிச் சோதனையும் செய்ய வேண்டும் என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். உண்மையா?
– வாசகர், மன்னார்குடி

அறிகுறி ஏதுமில்லாத முதியோர் எல்லாருக்கும் இச்சோதனையைச் செய்வதால் நன்மை விளைகிறது என்பது இதுவரை நிறுவப்படவில்லை. அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2020-இல் இதை ஆராய்ந்து, 65 வயதுக்கு மேற்பட்ட, அறிகுறியற்றவர்களிடம் இச்சோதனையின் நன்மை தீமைகளை எடைபோடப் போதிய சான்று இல்லை என்று அறிவித்தது. இது "செய்யாதே" என்ற தீர்ப்பு அல்ல. "செய்தால் நல்லது என்று சொல்ல எங்களிடம் ஆதாரம் இல்லை" என்ற ஒப்புதல்.

ஏன் இந்தத் தயக்கம் என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 7.4 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா இருப்பதாக, 2023-இல் வெளியான நாடளாவிய ஆய்வு மதிப்பிட்டது. எண்ணிக்கையில் ஏறத்தாழ 88 இலட்சம் பேர். உங்கள் வட்டாரத்தில் 1,000 முதியவர்களைத் திரட்டிச் சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த விகிதப்படி 74 பேருக்கு நோய் இருக்கும். கையிலிருக்கும் சோதனை நோயுள்ளவர்களில் நூற்றுக்கு 80 பேரைக் கண்டுபிடிக்கும், நோயில்லாதவர்களில் நூற்றுக்கு 80 பேரைச் சரியாக விலக்கும் என்று கணக்குக்காகக் கொள்வோம். 74 பேரில் 59 பேர் பிடிபடுவார்கள். நோயில்லாத 926 பேரில் 185 பேரும் "ஐயம்" என்ற பட்டியலில் சேர்ந்துவிடுவார்கள். ஆக, தாளில் சிவப்புக் கோடு விழுந்த 244 பேரில் நான்கில் ஒருவருக்குத்தான் நோய். மற்ற மூவரும் மேலே கும்பகோணத்து வாசகியின் மாமியார் பட்ட பாட்டைப் படுவார்கள். தப்பிவிட்ட 15 பேரோ, நமக்கு ஒன்றுமில்லை என்ற நிம்மதியில் இருந்துவிடுவார்கள்.

சர்க்கரையோடு ஒப்பிடுவதும் பொருந்தாது. சர்க்கரையை முன்கூட்டிக் கண்டுபிடித்தால் அதைக் குறைக்க மருந்து இருக்கிறது. குறைத்தால் கண்ணும் சிறுநீரகமும் காப்பாற்றப்படும். அல்சைமர் வகை மறதிக்கு இப்போது பரவலாகத் தரப்படும் டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமாண்டின் ஆகியவை சிலருக்குச் சில காலம் அறிகுறிகளைத் தணிப்பவை. நோயின் போக்கை நிறுத்துபவை அல்ல.

ஆனால் இதை வைத்து, மறதியைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. முதியவரோ வீட்டாரோ ஒரு மாற்றத்தைக் கவனித்த கணமே நிலைமை வேறாகிவிடுகிறது. அப்போது சோதனை செய்வது கட்டாயம், தள்ளிப்போடுவதுதான் தவறு. பக்கவாதம் வந்தவர்கள், பார்க்கின்சன் நோயுள்ளவர்கள், மாத்திரையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும் நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகள் ஆகியோர் விஷயத்தில் வீட்டார் புகார் சொல்லும்வரை காத்திராமல் மருத்துவரே கேட்டுப் பார்ப்பது நல்லது.

உங்கள் தந்தைக்கு இன்று பயன்படுவது வேறு. 2024-இல் லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம், மாற்றக்கூடிய 14 காரணங்களைக் கவனித்தால் உலகில் ஏறத்தாழ 45 விழுக்காடு டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்று கூறியது. இரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, மது, தனிமை, தலையில் அடி ஆகியவற்றோடு, கேட்கும் திறன் குறைவதும் பார்வை குறைவதும் அந்தப் பட்டியலில் உள்ளன. காது கேளாமல் திண்ணைப் பேச்சிலிருந்து ஒதுங்கிவிடும் பெரியவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்! அவர்களுக்கு ஒரு காதொலிக் கருவியும், புரை இருந்தால் அறுவைச் சிகிச்சையும் செய்து தருவதற்கு எந்த மறதிச் சோதனையும் ஈடாகாது.

என் தாய்க்கு 76 வயது. நான்கு நாள் முன்பு வரை நன்றாக இருந்தவர், காய்ச்சல் வந்த பிறகு இரவில் இல்லாத ஆட்களோடு பேசுகிறார்; பகலில் தூங்கி வழிகிறார். டிமென்ஷியாவுக்கான சோதனையை எங்கே செய்யலாம்?
– வாசகர், வேதாரண்யம்

இதழில் விடை வரும்வரை காத்திருக்க வேண்டாமென்று உங்களுக்குத் தனியாகத் தெரிவித்துவிட்டோம். இதே நிலை மற்றவர் வீட்டிலும் வரக்கூடும் என்பதால் இங்கும் எழுதுகிறேன். டிமென்ஷியா மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல வருவது. சில மணி நேரத்திலோ சில நாளிலோ புத்தி தடுமாறி, ஒரு நேரம் தெளிந்தும் ஒரு நேரம் குழம்பியும் இருந்தால் அது டெலிரியம் எனப்படும் திடீர்க் குழப்பநிலை. அதற்குச் சோதனைத் தாள் வேண்டியதில்லை. அன்றே மருத்துவமனை வேண்டும். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நீரிழப்பு, சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல், சர்க்கரை மாத்திரையால் சர்க்கரை தாழ்ந்துபோதல், நீர் மாத்திரையால் இரத்தத்தில் சோடியம் குறைதல் ஆகியவை இதற்கு வழக்கமான காரணங்கள். பெரும்பாலானவை சரிசெய்யக்கூடியவை, கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்தானவை. இந்த நிலையில் மறதிச் சோதனை செய்து வரும் மதிப்பெண்ணுக்கு மதிப்பே இல்லை. உடல் முழுவதும் தேறிச் சில வாரங்கள் கழிந்த பிறகுதான் அதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

என் கணவருக்கு 74 வயது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஓராண்டாகக் கணக்கு வழக்கில் தடுமாறுகிறார். மூன்று முறை எரிவாயு அடுப்பை அணைக்காமல் விட்டுவிட்டார். மருத்துவரிடம் போகலாம் என்றால் "எனக்கென்ன பைத்தியமா?" என்று கோபப்படுகிறார். எங்கே, எப்படி அழைத்துப் போவது?
– வாசகி, மயிலாடுதுறை

கும்பகோணத்துக் கடிதத்துக்கு நேர் மறுபக்கம் உங்களுடையது. உங்கள் கணவர் படித்தவர். தாளை வைத்துக் கேட்டால் 28 மதிப்பெண்கூட வாங்கிவிடலாம். வாழ்நாளெல்லாம் எழுத்திலும் எண்ணிலும் புழங்கியவர்களிடம் தொடக்கநிலை இழப்பு இத்தகைய எளிய சோதனைகளில் மறைந்துகொள்வது உண்டு. எனவே மதிப்பெண் நன்றாக வந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னாலும், நீங்கள் கண்ட மாற்றங்களைத் தேதியோடு எழுதி எடுத்துப்போய்க் கொடுங்கள். அந்தக் குறிப்பு மதிப்பெண்ணைவிடக் கனமானது.

"மறதிக்குப் பார்க்கப் போகிறோம்" என்று சொல்ல வேண்டியதில்லை. பொய் சொல்லவும் வேண்டாம். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து நாளாயிற்று, இருவருமே முழு உடல் பரிசோதனை செய்துகொள்வோம் என்று நீங்களும் சேர்ந்து போவது நல்ல வழி. மகன் சொல்வதைவிடப் பழைய மாணவரோ நண்பரோ சொன்னால் கேட்பவர் அவர் என்றால் அந்த வழியை நாடுங்கள். பிறர் முன்னிலையில், குறிப்பாக மருமகள், பேரன் முன்னிலையில், அவருடைய தவறுகளை அடுக்காதீர்கள்.

முதலில் பொது மருத்துவரிடமே போகலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கும். தேவைப்பட்டால் தஞ்சாவூர் அல்லது திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். தொலைபேசியில் ஆலோசனை வேண்டுமானால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மனஸ் 14416, முதியோர் உதவி எண் 14567 ஆகியவற்றை அழைக்கலாம்.

மருத்துவர் இரத்த எண்ணிக்கை, தைராய்டு, பி12, சர்க்கரை, சோடியம், கால்சியம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றைப் பார்ப்பார். தலையை ஸ்கேன் எடுக்கச் சொல்லலாம். கீழே விழுந்து சில வாரங்கள் கழித்து மூளையின் மேல் மெல்லச் சேரும் இரத்தக்கட்டும், மூளை நீர் தேங்குவதும் மறதியாகத் தோன்றக்கூடியவை; அறுவைச் சிகிச்சைக்கு உரியவை. அவர் எடுக்கும் மாத்திரைகள் அனைத்தையும், தூக்க மாத்திரை, சளிக்குக் கடையில் வாங்கியது உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். குளோர்பெனிரமைன், அமிட்ரிப்டிலின், கைநடுக்கத்துக்குத் தரப்படும் டிரைஹெக்ஸிபெனிடில் போன்றவை முதியவர்களின் நினைவை மங்கச் செய்யும். ஆனால் மருத்துவரைக் கேட்காமல் எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அடுப்பைப் பொறுத்தவரை, இன்றே ஒரு ஏற்பாடு செய்யுங்கள். பரிசோதனை முடிவு வரும்வரை அது காத்திருக்காது.

தந்தைக்குத் தொடக்கநிலை டிமென்ஷியா என்று உறுதியாகிவிட்டது. நான்கு ஏக்கர் நன்செய் அவர் பெயரில் இருக்கிறது. இனி அவர் எழுதும் உயில் செல்லாது என்கிறார் என் தம்பி. சோதனையில் 21 மதிப்பெண் என்பதைக் காரணமாகக் காட்டுகிறார்.
– வாசகர், திருத்துறைப்பூண்டி

எந்தச் சட்டத்திலும் 21 என்ற எண் இல்லை. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 59-ஆம் பிரிவு, உயில் எழுதுபவர் அதை எழுதும் நேரத்தில் தெளிந்த மனநிலையில் இருக்க வேண்டும் என்கிறது. தம்மிடம் என்ன சொத்து இருக்கிறது, வாரிசுகள் யார், யாருக்கு எதைத் தருகிறோம், அதனால் என்ன விளையும் என்பவற்றை அவர் புரிந்துகொண்டு தம் வாயால் சொல்ல முடிந்தால், நோயின் பெயர் மட்டுமே அவர் உரிமையைப் பறித்துவிடாது. எனினும் இந்த நிலை நிலைத்திருப்பதல்ல. ஆகவே முடிவுகளை இப்போதே, அவர் தெளிவாக இருக்கும் பொழுதில், பிள்ளைகள் வற்புறுத்தாமல் எடுக்க வழிசெய்யுங்கள். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். அதே நாளில் அவரைப் பரிசோதித்த மருத்துவரின் சான்றும் இருந்தால் பிற்காலத்து வழக்கு குறையும்.

பொது அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் அந்த அதிகாரம் முடிந்துவிடும் என்பது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவு. மிகவும் தேவைப்படும் காலத்தில் அது கைகொடுக்காது. நிலத்தை இப்போதே தானமாக எழுதி வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அப்படித்தான் செய்வதென்று தந்தையே முடிவு செய்தால், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள். அப்போதுதான் பராமரிப்பு தவறும்போது, 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 23-ஆம் பிரிவின்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் அந்தப் பத்திரத்தை ரத்துசெய்யக் கேட்க அவருக்கு உறுதியான இடமிருக்கும்.